சூரியத் தகடு வேண்டாம் என்பவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை?

சிங்கப்பூரில் தரைவீடுகளின் கூரையில் சூரியத் தகடு பொருத்துவது என் தொழில். அதில் பாதி, ஆட்சேபம் கேட்பதுதான். நம்மவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தம்பி, தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் காற்றாலைதான். இங்கே சுற்றிலும் கடல், ஒன்றையும் காணோமே?"

மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்: இங்கே காற்று போதாது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர். வணிகக் காற்றாலைகளுக்கு 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் அவ்வளவு தூரமில்லையே என்று தோன்றலாம். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. ஆரல்வாய்மொழியில் மேற்கு மலைத்தொடரின் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கிக்கொண்டு வருகிறது. அம்மியே பறக்கும் ஆடிக் காற்றோடு நம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்காற்று போட்டி போட முடியுமா? இங்குள்ள செமாக்காவ் தீவில் 2017இல் ஒரு காற்றாலையை நிறுவினார்கள், அது ஆய்வுக்காக.

ஆக, காற்றாலை இங்கே சரிவராது என்பது நியாயம். அதைப் பிடித்துக்கொண்டு 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தியே ஏமாற்று' என்று தாவுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 2022லேயே இங்கு வரத் தொடங்கிவிட்டது. வியட்னாமியக் கடற்காற்றில் எடுக்கும் மின்சாரத்தைக் கொண்டுவரும் திட்டத்துக்கும் 2023இல் நிபந்தனையுடன் ஒப்புதல் கிடைத்தது.

"பாதி நாள் மழை, மீதி நாள் மேகம், தகடு எதற்கு?" என்பது அடுத்தது. இங்கே 1 கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 யூனிட் தரும். மழையும் மேகமும் கழித்து வந்த கணக்கு இது. கூரையில் 10 கிலோவாட் இருந்தால் மாதம் சுமார் 1,000 யூனிட். இரவில் எப்போதும்போலப் பொதுக் கட்டமைப்பிலிருந்துதான் மின்சாரம் வரும். அதில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாவது. நாடு முழுவதும் முடிந்த இடத்திலெல்லாம் தகடு போட்டாலும் 2050இல் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் தேறும் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. அதை மறைத்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கூரை ஒழுகும் என்ற பயம்தான் பெரிய பயம், அதில் காரணமும் இருக்கிறது. ஓட்டுக்கூரையில் ஓட்டைத் தூக்கி, கீழுள்ள மரச்சட்டத்தில் கொக்கியைத் திருகி, ஓட்டை மீண்டும் அதன்மேல் உட்காரவைப்போம். கொக்கியின் தடிமனுக்கு ஏற்ப ஓட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட வேண்டும். தேய்க்காவிட்டால் ஓடு தூக்கிக்கொண்டு நிற்கும், சாய்மழை உள்ளே வரும். வேலையாள் ஓட்டின் நடுவில் கால் வைத்தால் மயிரிழை விரிசல் விடும். அது அடுத்த பெருமழையில்தான் தெரியும். ஒழுகினால் பொறுப்பு யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை உதவாது.

வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களின் குறை வேறு: "எங்கள் புளோக் கூரையிலும் தகடு இருக்கு, பில் மட்டும் குறையலையே அண்ணே!" குறையாது. அந்த மின்சாரம் மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீர் பம்ப் போன்ற பொதுத் தேவைகளுக்குப் போகிறது, மிச்சம் கட்டமைப்புக்கு. பலன் நகர மன்றத்தின் மின்கணக்கில் தெரியும், உங்கள் வீட்டு பில்லில் தெரியாது.

யாரும் ஆட்சேபிக்காத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். மின்தடை வந்தால் மின்கலன் இல்லாத சாதாரண அமைப்பும் சேர்ந்து நின்றுவிடும், வெயில் கொளுத்தினாலும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க, தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றித்தரும் இன்வர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காகத் தகடு கேட்பவரிடம் முதலில் மின்கலன் விலையைத்தான் சொல்வேன். பாதிப் பேர் அதோடு யோசித்துச் சொல்வதாகப் போய்விடுகிறார்கள்.