பைக் விலையை விடுங்கள், சீசன் விலையைக் கேளுங்கள்: ரேஸ் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு மெக்கானிக் எழுதுவது

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ரேஸ் ஆசையோடு வருகிற பையன்கள் கேட்கும் முதல் கேள்வி எஞ்சினைப் பற்றித்தான் இருக்கும். எந்த பைக் வாங்கலாம், எவ்வளவு பவர் ஏற்றலாம், எந்த எக்ஸாஸ்ட் போட்டால் சத்தம் கும்மென்று வரும். கூட வரும் அப்பாவோ அக்காவோ கேட்பது வேறு: "மொத்தமா எவ்வளவு ஆகும், தம்பி?" அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. பைக் விலையைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். அப்படி அனுப்பினால் மூன்று மாதம் கழித்து அதே அப்பா கோபமாகத் திரும்பி வருவார். வரவும் வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது.

சென்னையில் இந்த விளையாட்டு ஒருகாலத்தில் மலிவாகத்தான் இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் அந்த நாளைய ரேஸ்கள். வாரம் முழுக்க வேலைக்குப் போய்வந்த ஆர்எக்ஸ் 100-இல் ஹெட்லைட்டையும் ஸ்டாண்டையும் கழற்றிவிட்டு அதையே ஞாயிற்றுக்கிழமை ஓட்டியதாகப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் செலவு விஷயத்தில் பொய் இல்லை. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளத்துக்கு முறையான டிராக் வந்தது. முறையான டிராக் என்றால் கொடி காட்டிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல்கள், டாக்டர், ஆம்புலன்ஸ், டைமிங் கருவி, தடுப்புகள் எல்லாம் சேர்ந்து வரும். நீங்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. அதைக் குறைக்கச் சொல்லி நான் ஒருபோதும் கேட்க மாட்டேன்.

பைக் விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும். யமஹா ஆர்15 2008-இல் வந்தபோது ஷோரூம் விலை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. கேடிஎம் ஆர்சி 390 2014-இல் 2.05 லட்சத்துக்கு வந்தது, 2022-இல் அதன் அடுத்த தலைமுறை 3.14 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதற்கு மேலே போனால் 40 சதவீதம். ரேஸ் வகுப்புகளைப் பெரும்பாலும் எஞ்சின் அளவை வைத்துத்தான் பிரிப்பார்கள், அதனால் 165 சிசி வகுப்பில் ஓட்ட நினைப்பவருக்குக் காற்று சாதகமாக அடிக்கிறது. 301 முதல் 400 வரையிலான வகுப்பில் ஓட்ட நினைப்பவர், வாங்கப்போகும் பைக் 350-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் வரி உயர்வைத் தாங்களே ஏற்றுக்கொண்டு விலையைப் பழையபடி வைத்திருந்தன. அது எவ்வளவு நாளுக்கு என்பது அவர்கள் கையில்.

ஆனால் பைக் ஒருமுறை வாங்குவது. நல்ல நிலையில் வைத்திருந்தால் விற்கும்போது பாதிக்கு மேல் திரும்பி வரும். திரும்பி வராத பணம் எங்கே போகிறது என்று கேட்டால் நான் முதலில் டயரைக் காட்டுவேன்.

ரோட்டில் ஓடும் டயர் தேய்ந்து தீரும். ரேஸ் டயர் தேயும் முன்பே தீர்ந்துவிடும். ஓடும்போது நன்றாகச் சூடேறி, டிராக் ஓரத்தில் பைக்கை நிறுத்தி வேலை பார்க்கும் பிட்டுக்கு வந்ததும் ஆறுகிறது, மறுபடி சூடேறுகிறது. இப்படி ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் இறுகும். பள்ளத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்கும், "அண்ணா, இன்னும் ரெண்டு ரேஸ் தாங்கும்" என்பான் பையன். ஓரத்தில் நகத்தை அழுத்திப் பார்க்கச் சொல்வேன். புது டயரில் நகம் பதியும், இதில் வழுக்கும். காற்றழுத்தம் சரியாக இருந்த டயரின் ஓரம் மெல்லிய மணல்தாள் போல ஒரே சீராக இருக்கும். அழுத்தம் தவறினாலோ, சூடேறும் முன் முறுக்கினாலோ ரப்பர் கிழிந்து திட்டுத் திட்டாக எழும்பி நிற்கும். அந்த டயரோடு இன்னொரு ரேஸ் என்றால் மிச்சப்படுத்திய காசு ஃபேரிங்கில், அதாவது பைக்கின் வெளி உறையில், போகும், இல்லையென்றால் தோள்பட்டையில்.

டயர் விலை ஏறியதற்குக் கம்பெனிகள் மட்டும் காரணம் இல்லை. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது, இருசக்கர வண்டி டயரும் அதில் அடக்கம். அனுமதி வாங்கித்தான் கொண்டுவர வேண்டும், பிஐஎஸ் என்ற இந்தியத் தர அமைப்பின் சான்றும் வேண்டும். ரேஸ் டயர் போன்ற சிறு எண்ணிக்கைச் சரக்குக்கு இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. அதனால் கடையில் இருக்கும்போது வாங்கினால் உண்டு, இல்லையென்றால் கேட்ட விலை. 400 சிசி வகுப்புக்கு நல்ல இறக்குமதி ஜோடி இருபதாயிரத்துக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். பயிற்சி நாட்களையும் சேர்த்தால் ஒரு சீசனுக்கு எத்தனை ஜோடி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். எல்லோரும் ஒரே உள்நாட்டு டயரில்தான் ஓட வேண்டும் என்று விதி உள்ள வகுப்புகளைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதனால்தான். 2025-இல் டயருக்கும் ஜிஎஸ்டி 18 ஆகிவிட்டது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

அப்புறம் விழுவது. விழாமல் ஒரு சீசன் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பட்ஜெட் போடும்போது அந்தக் கூட்டத்தில் உங்களைச் சேர்க்காதீர்கள். மெதுவான வளைவில் முன்சக்கரம் வழுக்கிப் படுத்தாலே கிளிப்-ஆன் (இரு பக்கமும் தனித்தனியாக மாட்டும் ஹேண்டில்பார்) வளையும், லீவர் முறியும், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் போகும், எஞ்சின் கவர் உரசி எண்ணெய் கசியும். ஆவடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் கணக்கு நோட்டோடு வருவான், எல்லாவற்றையும் எழுதி வைப்பான். சனிக்கிழமைப் பயிற்சியில் விழுந்தான், அடியில்லை. வலது பக்க பிராக்கெட் மட்டும் முறிந்தது. பெரிய விலை ஒன்றும் இல்லை, ஆனால் கையில் ஸ்பேர் இல்லை. பிட்டில் நாலு பேரிடம் கேட்டும் அந்த மாடலுக்குப் பொருந்துவது கிடைக்கவில்லை. கட்டிய கட்டணம், குட்டி யானை வாடகை, ரூம், என் கூலி எல்லாம் அந்தப் பிராக்கெட்டோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ரேஸை அவன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். அதனால் சொல்கிறேன், லீவர் இரண்டு ஜோடி, கிளிப்-ஆன் ஒரு ஜோடி, பிராக்கெட் இரு பக்கமும், எஞ்சின் கவர், கேஸ்கெட். இந்தப் பெட்டி தயாரான பிறகுதான் கட்டணம் கட்டுங்கள்.

கம்பெனி ஃபேரிங்கை டிராக்கில் ஓட்டி உடைக்காதீர்கள். கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போடுங்கள், விற்கும்போது அதுதான் விலையைக் காப்பாற்றும். ஓட்டுவதற்கு உள்ளூரில் அச்சு எடுத்துச் செய்யும் ஃபைபர் போதும். அடிப்பகுதி மட்டும் எண்ணெய் சிந்தினால் தாங்கும்படி மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வில் திருப்பி அனுப்புவார்கள்.

செலவழிக்கக் கூடாத இடங்களும் உண்டு. பைக்கைப் பெரும்பாலும் கம்பெனியில் வந்தபடியே ஓட்ட வேண்டிய ஸ்டாக் வகுப்பில் அனுமதியே இல்லாத எக்ஸாஸ்ட்டை மாட்டிக்கொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் படிக்காமல் ஒரு நட்டு கூட வாங்கக் கூடாது. நூறு ஆக்டேன் பெட்ரோல் இன்னொன்று. 2020 டிசம்பரில் டெல்லியில் அறிமுகமானபோதே லிட்டர் 160 ரூபாய். கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் பெட்ரோல் கலவை அழுத்தப்படும் அளவு) ஏற்றாத எஞ்சினுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, மனதுக்குத் திருப்தி, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் இன்னொரு பயிற்சி நாள் ஓட்டுங்கள். லேப் நேரம் குறைவது பெரும்பாலும் ஓட்டுபவரால். கோவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலான சின்ன டிராக்தான், கற்றுக்கொள்ள அது போதும்.

பாதுகாப்பு உடையில் மட்டும் பேரம் பேசாதீர்கள். ஹெல்மெட், ஒரே துண்டு லெதர் சூட், முதுகுக் காப்பு, கையுறை, பூட்ஸ். உள்நாட்டுத் தயாரிப்பில் நல்லது கிடைக்கிறது, இறக்குமதிச் சூட் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், காற்றுப்பை வைத்தது அதற்கும் மேல். ஒருமுறை விழுந்த ஹெல்மெட்டைச் சிலர் கீறலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி கொண்டுவருவார்கள். உள்ளே நசுங்கிய தெர்மோகோல் திரும்ப எழாது. சூட்டைப் பழையதாக வாங்கலாம், ஹெல்மெட்டை வேண்டாம்.

இனி, வீட்டில் யாரும் பேசாத விஷயம். உங்கள் வண்டிக் காப்பீட்டுப் பாலிசியில் ஒரு வரி இருக்கும்: ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் பயன்படுத்தினால் இழப்பீடு இல்லை. டிராக்கில் விழுந்து ரோட்டில் விழுந்ததாக க்ளெய்ம் போடலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அது மோசடி, அதற்கு நான் பில் எழுதித் தர மாட்டேன். மருத்துவக் காப்பீட்டில் சங்கதி கொஞ்சம் நுட்பமானது. காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குப் பட்டியலில் சாகச விளையாட்டுகள் வருகின்றன, மோட்டார் ரேஸ் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் அந்த வாசகம் தொழில்முறையாகக் கலந்துகொள்பவரைத்தான் குறிக்கிறது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் வார இறுதியில் சொந்தக் காசில் ஓட்டுவது தொழில்முறையா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் ஆஸ்பத்திரி பில்லை என் நினைப்பு கட்டாது. கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போட்டி அமைப்பாளர் தரும் விபத்துக் காப்பீடு எவ்வளவு, மருத்துவமனைச் செலவும் அதில் வருமா என்பதையும் கேளுங்கள். இந்த விளையாட்டில் அதிகம் உடைவது காறை எலும்பு. பிளேட் வைத்து ஆபரேஷன் என்றால் தனியார் ஆஸ்பத்திரியில் லட்சத்தைத் தாண்டும். வேலைக்குப் போகாத வாரங்கள் தனிக் கணக்கு.

கையில் இவ்வளவு பணம் இல்லையென்றால் கதவு மூடிவிடவில்லை. டிவிஎஸ் தன் ஒன்-மேக் போட்டியை, அதாவது எல்லோரும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி பைக்கில் ஓட்டும் போட்டியை, 1994 முதல் நடத்துகிறது. ஹோண்டாவின் டேலன்ட் கப், ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி கப் என்று அப்புறம் மற்றவையும் வந்தன. தேர்வு ஓட்டத்தில் ஜெயித்தால் பைக், டயர், மெக்கானிக் எல்லாம் கம்பெனியுடையது. விழுந்தால் உடைந்ததற்கு யார் பணம் கட்டுவது என்பதை மட்டும் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள், போட்டிக்குப் போட்டி இது மாறும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு கார்டிங் தடங்களில் சிறு பைக்குகளில் ஓட்டும் மினிஜிபி இருக்கிறது. பெரிய பைக்கை விட அதில் அடிப்படை நன்றாகப் படியும்.

டிராக் செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஈசிஆரில் விடியற்காலையில் முறுக்குகிறவர்களுக்கு ஒன்று. பொதுச் சாலையில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஓட்டுவது பதினெட்டு வயது ஆகாத பையன் என்றால் 199ஏ பிரிவு பெற்றோரைப் பிடிக்கும். அங்கே மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். எதிரே பால் வண்டியில் வருகிற மனிதர் எந்தப் பந்தயத்திலும் பெயர் கொடுத்தவர் இல்லை.

கடன் போட்டு ரேஸ் ஓட்ட வருபவர்களின் பைக்கை நான் தொடுவதில்லை. ஈஎம்ஐ ஓடுகிற பைக் டிராக்கில் உடைந்தால் காப்பீடு வராது, பேங்க் தவணை நிற்காது. நகைக்கடன் வைத்து வருவதும் அதேதான். ஒரு வருஷம் பொறுங்கள். முதல் வருஷம் மார்ஷலாகவோ யாருடைய பிட்டிலாவது உதவியாளராகவோ வந்து நில்லுங்கள். செலவு எங்கே போகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லையென்றால், சீசன் முடிந்தபின் டிசம்பர், ஜனவரியில் தேடுங்கள். விலகுகிறவர்கள் ரேஸ் பைக்கை விற்பார்கள். ஃபைபர் உறை, ரியர்செட் (பின்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட்), கழன்று விழாமல் வயர் கட்டிய போல்ட் எல்லாம் ஏற்கனவே செய்தது, தனித்தனியாகப் போட்டால் ஆகும் செலவில் பெரும்பகுதி மிச்சம். வாங்கும்போது முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டியரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள், நடுவில் சிக்கினால் பேரிங்கில் பள்ளம் விழுந்திருக்கிறது. ஃபோர்க் குழாய் நேராக இருக்கிறதா, ஃப்ரேமில் ஸ்டியரிங் ஸ்டாப்பர் உடைந்து ஒட்டவைத்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது ஒட்டியதாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆர்சி புத்தகம் இருக்க வேண்டும், 29, 30 படிவங்களில் விற்பவர் கையெழுத்து வேண்டும், கடன் தீர்ந்திருந்தால் பேங்க் தரும் என்ஓசியும் படிவம் 35-ம். பரணில் இருக்கும் அசல் ஃபேரிங்கையும் ஹெட்லைட்டையும் கேட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்.