சிக்கிய மிஷினை வாங்கலாம், ஷட்டில் இல்லாததை வேண்டாம்

சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் இரண்டு பழைய சிங்கர் தையல் மிஷின் 'ஹெட்'கள் என் பட்டறைக்கு வந்தன. ஸ்டாண்டும் பலகையும் இல்லாத மேல்பாகத்தை மட்டும் நாங்கள் ஹெட் என்போம். இரண்டுமே 'உதிரிபாகங்களுக்கு மட்டும்' என்ற குறிப்போடு இணையத்தில் விற்கப்பட்டவை.

முதலாவதைத் தூக்கி வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. துருவும் ஒட்டடையுமாக இருந்தது. சக்கரம் சுற்றியது, ஊசி அசையவில்லை. "உள்ளே எல்லாம் உடைந்துவிட்டதாம் தம்பி, பழைய இரும்பு விலைக்குத்தான் கொடுத்தார்கள்" என்றார். சக்கரத்தின் நடுவே ஒரு பெரிய திருகு உண்டு. கீழ்நூலுக்கான சிறு உருளையான பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருக்க அதைத் தளர்த்துவோம். யாரோ எப்போதோ தளர்த்திவிட்டு இறுக்க மறந்திருக்கிறார்கள். இறுக்கினேன், ஊசி இறங்கியது. அவ்வளவுதான் பழுது.

இரண்டாவது ஒரு கல்லூரி மாணவருடையது. கறுப்பு மினுமினுப்பு, அதன்மேல் பொன்னிறத்தில் எகிப்திய ஸ்பிங்ஸ் படம். சக்கரம் வெண்ணெயாய்ச் சுழன்றது. ஆசிரியை கொடுத்ததைப்போல ஆறு மடங்கு கொடுத்திருந்தார். அடித்தட்டில் இருக்கும் சறுக்குத் தகட்டை நகர்த்திப் பார்த்தேன். பாபினைத் தாங்கிக் கீழ்நூலை மேல்நூலோடு பிணைக்கும் ஷட்டில் இல்லை, பாபினும் இல்லை. துப்பாக்கிக் குண்டு வடிவ ஷட்டில் முன்னும் பின்னும் ஆடும் பழைய வகை மிஷின் அது. அந்த ஷட்டில் நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைக்காது.

மதுரையில் மிஷின் பழுது பார்க்கிறேன். புதுமண்டபத் தூண்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்து தைத்தவர்களின் மிஷின்களில்தான் தொழில் கற்றேன். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் அவர்களில் பலர் என்னிடம்தான் வருகிறார்கள். இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: பழைய மிஷின் வாங்க வருகிறவர்கள் எது ஓடவில்லை என்று பார்க்கிறார்கள், எது இல்லை என்று பார்ப்பதில்லை.

இப்படி ஹெட்கள் தனியாக விற்பனைக்கு வருவதற்குக் காரணம் மிதிக்கும் ஸ்டாண்டுதான். வார்ப்பிரும்பு ஸ்டாண்டின்மேல் கண்ணாடியோ பலகையோ போட்டு உணவகத்துக்கும் வீட்டு வரவேற்பறைக்கும் மேசையாக்குகிறார்கள். ஸ்டாண்டுக்கு நல்ல விலை கிடைத்துவிடுவதால் ஹெட் காயலான் கடைக்குப் போகிறது. அங்கே அதை எடுக்கிறவருக்குத் தைக்கத் தெரியாது, ஓட்டிப் பார்க்க ஸ்டாண்டும் கிடையாது. ஆகவே 'உதிரிபாகங்களுக்கு மட்டும்' என்று எழுதிவிடுகிறார். பாதிப் பேரைப் பொறுத்தவரை அதற்கு 'எனக்குத் தெரியாது, பிறகு என்னிடம் வராதீர்கள்' என்றுதான் பொருள். மீதிப் பேர் நன்றாகத் தெரிந்தே எழுதுகிறவர்கள்: நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு கூட்டை மட்டும் விற்கிறவர்கள்.

சிக்கிய மிஷினைக் கண்டு பயப்பட வேண்டாம். எங்கள் பக்கத்தில் மிஷின் சிக்குவதற்கு முதல் காரணம் தேங்காய் எண்ணெய். மிஷின் எண்ணெய் தீர்ந்துபோனால் அடுப்படியில் இருப்பதை எடுத்து ஊற்றிவிடுவார்கள். அது சில மாதங்களில் பிசினாகி, சில வருடங்களில் அரக்காக இறுகிவிடும். அசையும் மூட்டு ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, சக்கரத்தை நூலிழை அளவு முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அசையாவிட்டால் மறுநாள், அதற்கும் மறுநாள். பதினைந்து நாள் பிடித்த மிஷின்கள் உண்டு. விடுபட்டதும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் போட வேண்டும். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினாலும் பிசின் இளகும். ஆனால் மண்ணெண்ணெய் விட்ட மிஷினுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகாதீர்கள். குறடு போட்டுச் சக்கரத்தைத் திருகுவதும் சுத்தியலால் தட்டுவதும் கூடவே கூடாது. நான் பார்த்த உடைந்த பாகங்களில் பெரும்பாலானவை பழுது பார்த்தபோது உடைந்தவை.

சிக்குவதற்கு இரண்டாவது காரணம், ஷட்டிலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு முழ நூல். ஷட்டிலைக் கழற்றி அதை இழுத்து எடுத்தால் போதும்.

தையல் விழவில்லை என்று விற்கப்படுவதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊசியின் தட்டைப் பக்கம் சிங்கர் 15 மாடலில் இடப்பக்கம் இருக்க வேண்டும், 66 மாடலில் வலப்பக்கம். மாற்றிச் செருகினால் கீழ்நூலைப் பிடிக்கவே பிடிக்காது. ஊசியைத் திருப்பிப் போடத் தெரியாமல் பாட்டியின் மிஷினை விற்றவர்கள் இருக்கிறார்கள்.

இல்லாத பாகம் என்றால் கதை வேறு. சிங்கர் 15 வகை என்றால் கவலை குறைவு. போருக்குப் பின் ஜப்பானில் செய்தவையும் நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு உஷாக்களும் பெரும்பாலும் அந்த அச்சில் வந்தவை. லூதியானாவிலிருந்து வரும் ஷட்டில், பாபின் கேஸ், துணியை நகர்த்தும் பல், டென்ஷன் ஸ்பிரிங் எல்லாம் கொஞ்சம் இழைத்தால் பொருந்திவிடும். ஆசிரியையின் மிஷின் அந்த வகைதான். 66 என்றால் பாபின் கேஸ் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படகு வடிவ ஷட்டில் ஓடும் பழைய 12 மாடலுக்கு ஊசியே தனி வகை. கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு மிஷின் ஊசி அதற்கு ஆகாது. அலமாரியில் அழகுக்கு வைக்கத்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

விற்கிறவரிடம் முன்பக்கப் படம் மட்டும் வாங்கி ஏமாற வேண்டாம். சறுக்குத் தகட்டைத் திறந்து ஒரு படம், மிஷினைச் சாய்த்து அடிப்பக்கம் ஒரு படம், எண் பொறித்த இடம் ஒரு படம், கையால் சக்கரம் சுற்றும்போது ஊசியும் ஷட்டிலும் தெரிய ஒரு காணொளி. கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். வெளித்துரு எனக்குப் பொருட்டில்லை. ஷட்டில் ஓடும் வளையத்தில் துரு குழி குழியாக அரித்திருந்தால்தான் யோசிப்பேன். புதிதாக ஸ்பிரே பெயின்ட் அடித்த மிஷின் என்றால் இன்னும் சந்தேகம். எண்ணெய்த் துளைகள் அடைபட்டிருக்கும், ஒட்டவைத்த வெடிப்பு மறைந்திருக்கும். வாங்கிய பிறகு பொன்னிறப் படங்களை ஸ்பிரிட்டோ தின்னரோ போட்டுத் துடைக்காதீர்கள். அவற்றின்மேல் பூசியிருப்பது அரக்கு மெருகு. அது கரைந்தால் படமும் துணியோடு வந்துவிடும்.

வயதைச் சொல்லி விலை ஏற்றுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். '1851ஆம் ஆண்டு மிஷின்' என்று எனக்கு ஒருவர் படம் அனுப்பினார். சிங்கர் நிறுவனம் தன் நூற்றாண்டுக்காக 1851, 1951 என்று இரண்டு ஆண்டுகளையும் பொறித்து ஒட்டிய வில்லை அதில் இருந்தது. முதல் எண்ணை மட்டும் படித்திருக்கிறார். சிங்கரில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருந்தாலே அது 1900க்குப் பிந்தையது. 'E' என்ற எழுத்தில் தொடங்கும் ஈரெழுத்து எண்கள் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவை. 1885 முதல் 1980 வரை இயங்கிய அந்த ஆலையிலிருந்து உலகமெங்கும் மிஷின் போயிருக்கிறது, ஆகையால் 'ஸ்காட்லாந்து மிஷின்' என்பதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

இன்னொரு பித்தும் உண்டு. 2009இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் மிஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது என்று வதந்தி கிளம்பி, ஒரு மிஷின் இரண்டு லட்சம் ரியால் வரை விலை பேசப்பட்டது. செல்போனை ஊசிக்கு அருகில் கொண்டுபோய், தொடர்பு அறுந்தால் பாதரசம் இருக்கிறது என்று சோதித்தார்களாம். அப்படி ஒரு பொருளே கிடையாது. இன்றும் "உங்களிடம் அந்த மிஷின் இருக்கிறதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டு எனக்கு அழைப்பு வருகிறது. இருக்கிறது, சட்டை தைக்கும் என்று சொல்லிவிடுவேன்.

மோட்டார் வைத்த மிஷின் என்றால் அதன் தகட்டில் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் மோட்டாரை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். பழைய ரப்பர் ஒயர் தொட்டாலே உதிரும். மாற்றும்வரை செருகவே செருகாதீர்கள். பார்சலில் வருவதானால் இரட்டை அட்டைப்பெட்டி கேளுங்கள். வார்ப்பிரும்பு கனமானது, ஆனால் விழுந்தால் மண்பானைதான்.

அந்த மாணவர் வெளிநாட்டிலிருந்து புது நகல் ஷட்டில் ஒன்றை வரவழைத்தார். முனை சொரசொரப்பாக இருந்து நூலை அறுத்தது. நானும் இழைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு காயலான் கடையில் அதே வகை ஹெட் ஒன்றை எடை போட்டு வாங்கி வந்தார். துருப்பிடித்த இரும்புக் கட்டி. சக்கரம் இம்மியும் நகரவில்லை. ஆனால் உள்ளே ஷட்டில் இருந்தது. அதை எடுத்துத் துடைத்து ஸ்பிங்ஸ் மிஷினில் போட்டோம், அருமையாகத் தைத்தது. கூட்டை எறிய மனமில்லாமல் மண்ணெண்ணெய் விட்டு ஓரமாக வைத்தேன். ஒன்பதாம் நாள் அதன் சக்கரமும் சுற்றிவிட்டது. இப்போது அவரிடம் ஓடக்கூடிய மிஷின் இரண்டு, ஷட்டில் ஒன்று.