வலிப்பு வந்த பையன் நடிக்கலைங்க

போன வாரம் ஓபி முடியுற நேரத்துல ரெண்டு போலீஸ்காரங்க (மஃப்டிலதான், அது வரைக்கும் சந்தோஷம்) ஒரு பையனைத் தாங்கிட்டு வந்தாங்க. "கோர்ட்டுக்குப் பயந்துகிட்டு ஃபிட்ஸ் மாதிரி ஆக்ட் கொடுக்கறான் சார்"ன்னாங்க. பையன் கையில பைக் சாவி, விரலை மடக்கி அழுத்தி வச்சிருக்காங்க. நடிப்புன்னா சாவி எதுக்கு சார்னு கேட்டேன், பதில் இல்ல.

நாக்கோட ஓரம் கடிபட்டு ரத்தம், பேண்ட் நனைஞ்சிருக்கு, பேர் கேட்டா முழிக்கிறான். பேர் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது, வழக்குல சிக்கின சிறார் யாருன்னு காட்டிக் கொடுக்கக் கூடாதுங்குது சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவு. ஆறு வருஷமா வால்ப்ரோயேட்னு வலிப்பு மாத்திரை சாப்பிடுற பையன். பிடிச்ச அன்னைக்கே அம்மா மஞ்சப்பைல மாத்திரையும் ஓபி சீட்டும் எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருக்காங்க, "வெளிப் பொருள் எதுவும் உள்ள விட முடியாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது நாள் வலிப்பு. வராம என்ன பண்ணும்?

இந்த "நடிக்கிறான்" வியாதிக்குத்தான் மருந்து இல்ல. நாக்கு கடிபடாம, பேண்ட் நனையாமகூட வலிப்பு வரும்ங்க, அதை வச்சு நிஜமா பொய்யான்னு நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க, இரும்பு பிடிச்சா வலிப்பு நிக்காது, நிக்கிற நேரத்துல அது தானா நிக்குது, சாவி பேர் வாங்கிக்குது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாய்ல எதையும் திணிக்காதீங்க, 5 நிமிஷம் தாண்டினா 108. அவ்ளோதான்.

இதே பையன் ஃபார்ம்ல "புகையிலைக் கறை"ன்னு வேற எழுதியிருக்கு. தருமபுரிக்காரன் பல்லுங்க அது! போர் தண்ணி ஃப்ளோரைடு, பால் பல்லு விழுறதுக்கு முன்னாடியே உள்ள பிடிச்ச கறை. ஒகேனக்கல் தண்ணி 2013-லதான் வந்துச்சு. அவனை கூல் லிப் (உதட்டுக்குள்ள அடக்குற புகையிலை) கேஸாக்கிட்டாங்க.

கூர்நோக்கு இல்லத்துல (வழக்குல சிக்கின சிறாரை வச்சிருக்கிற இடம்) சேர்த்த 24 மணி நேரத்துக்குள்ள டாக்டர் பார்க்கணும்னு விதியே இருக்கு. பார்க்கறதுன்னா ஃபிட்னஸ் சீட்ல கையெழுத்து இல்ல, நம்ம ஆளுங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன், சட்டையைக் கழட்டிப் பாருங்க, "என்ன மாத்திரை சாப்பிடுற, கடைசியா எப்போ"ன்னு கேளுங்க, போலீஸ் பக்கத்துல நின்னா பையன் வாயைத் திறக்க மாட்டான், அவங்களை வெளிய நிக்கச் சொல்லுங்க. ஸ்டேஷன்காரங்களே, மாத்திரையை உள்ள விடப் பயமா இருந்தா ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கொடுங்க, திருப்பி மட்டும் அனுப்பாதீங்க. அம்மாமாருங்களா, ஓபி சீட்டை ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்கம்மா, உள்ள விடலேன்னா சிறார் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துல நேரா காட்டுங்க, இல்ல குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098-க்கு அடிங்க.

அந்தப் பையனுக்கு இப்போ காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு போகுது, மாத்திரை கொடுத்ததும் சைன் போட ஒரு நோட்டும் வச்சிருக்காங்க. நேத்து செக்கப்புக்கு வந்தப்ப வாங்கிப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை கட்டம் ரெண்டும் காலி. கேட்டா, நர்ஸ் லீவாம்.