விசா குலுக்கலில் ஏமாற்று எங்கே நடக்கிறது?

மார்ச் கடைசியில் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் சில வீடுகளில் ஒரே பேச்சுதான்: "பையனுக்கு லாட்டரி விழுந்துச்சா?" அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுநிலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. கேட்கிறவர்கள் பல மடங்கு என்பதால் கணினி குலுக்கிப் போடுகிறது. விழாத வீட்டில் அடுத்த கேள்வி தானாக வரும்: "உள்ளே ஏதோ தில்லுமுல்லு நடக்குதாமே?"

நம் தெருக்களில் போடும் குலுக்கல் சீட்டையே எடுத்துக்கொள்வோம். இருபது பேர், மாதத் தவணை, டப்பாவில் பெயர்கள், ஒரு குழந்தை கைவிட்டு எடுக்கும். எல்லார் கண்ணும் அந்தக் கையின் மேல்தான் இருக்கும். டப்பாவுக்குள் யார் பெயர் எத்தனை முறை கிடக்கிறது என்று பார்ப்பவர் குறைவு. விசாவிலும் அப்படித்தான் ஆயிற்று.

முதலில் குலுக்குவதைப் பார்த்துவிடலாம். அது நினைப்பதைவிடக் கடினமான வேலை. 1969 டிசம்பர் 1 அன்று, வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்கா பிறந்த தேதிகளைக் குலுக்கியது. 366 தேதிகளையும் கேப்சூல்களில் அடைத்து, மாத வரிசையில் பெட்டியில் சேர்த்து, பிறகு கண்ணாடிக் குடுவையில் கொட்டினார்கள். சரியாகக் கலக்கவில்லை. அந்தக் குலுக்கலில் 195-ஆம் எண் வரை வந்த தேதிகளில் பிறந்தவர்கள் அழைக்கப்பட்டார்கள். நியாயமாகக் கலந்திருந்தால் டிசம்பரின் 31 நாட்களில் பதினாறோ பதினேழோ அதற்குள் வந்திருக்க வேண்டும். வந்தது 26. கடைசியாகப் போட்ட மாதம், சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது.

கணினியில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வரும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு தற்செயல் எண் கொடுத்து, அந்த எண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து தேவையான அளவு எடுப்பதுதான் வழக்கமான முறை. நிரலில் ஓர் ஓட்டை இருந்தால் 'தற்செயல்' என்பது பெயருக்கு மட்டும் மிஞ்சும். அமெரிக்காவின் பன்முகத்தன்மை விசா, அதாவது 'கிரீன் கார்டு லாட்டரி', 1990 சட்டத்தின்படி உருவானது. 2012-ஆம் நிதியாண்டுக்கான முடிவு 2011 மே மாதம் வெளியானபோது, சுமார் 22,000 பேர் தேர்வானதாகத் திரையில் பார்த்தார்கள். சில நாளில் எல்லாம் ரத்து. விண்ணப்பிக்க 30 நாள் அவகாசம் இருந்தும், தேர்வானவர்களில் 90 சதவீதம் பேர் முதல் இரண்டு நாளில் பதிந்தவர்கள்! நாள்தோறும் ஒரே அளவில் விண்ணப்பம் வந்திருந்தால் இரண்டு நாளின் பங்கு 7 சதவீதம்தான். முதல் நாட்களில் கூட்டம் கூடுதல் என்று விட்டுக்கொடுத்தாலும் 90 எங்கே? யாரும் திருடவில்லை, நிரலில் பிழை. ஏமாந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், தள்ளுபடியானது. ஜூலையில் மறுபடி குலுக்கினார்கள்.

உள்ளே இருப்பவரே கைவைத்த கதையும் உண்டு, ஆனால் அது விசாவில் அல்ல, பணப்பரிசு லாட்டரியில். அமெரிக்காவில் பல மாநில லாட்டரிகளை நடத்தும் அமைப்பின் கணினிப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த எட்டி டிப்டன், ஆண்டின் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய எண்கள் வரும்படி நிரலில் வரிகளைச் செருகி வைத்திருந்தார். 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதற்கு மருந்து இருக்கிறது. பட்டியலை முன்பே வெளியிட்டுவிட வேண்டும். குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்ணை, இன்னும் நடக்காத ஒரு பொது நிகழ்விலிருந்து எடுக்க வேண்டும். இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் தன் தேர்வுக் குழுவுக்கு ஆள் எடுக்க இதைத்தான் செய்கிறது: குறிப்பிட்ட தேதியில் வெளியாகும் லாட்டரி எண்களைப் போன்றவற்றைச் சூத்திரத்தில் போட்டால், யார் வீட்டுக் கணினியிலும் அதே பெயர்கள்தான் வரும். எச்-1பி குலுக்கலில் விண்ணப்பித்தவர் இப்படித் தானே சரிபார்த்துக்கொள்ள வழி இல்லை. இது எனக்குக் குறையாகத்தான் படுகிறது.

சரி, இனி டப்பாவுக்குள் போகும் சீட்டுகளுக்கு வருவோம். உண்மையான கூத்து நடந்தது இங்கேதான். 2020 முதல் எச்-1பி பதிவு இணையவழி ஆனது. ஒரு பதிவுக்கு 10 டாலர். ஒரே நிறுவனம் ஒரே ஆளுக்கு இரண்டு முறை பதியக் கூடாது. ஆனால் வெவ்வேறு நிறுவனங்கள் ஒரே ஆளுக்குத் தனித்தனியே பதியலாம். வேலை உண்மையாக இருந்தால் அதில் தவறில்லை. சில சிறு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே ஆளைப் பல பெயர்களில் பதிந்ததுதான் மோசடி.

2023 மார்ச்சில் தகுதியான பதிவுகள் 7,58,994. அதில் 4,08,891 பதிவுகள், ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு வைத்திருந்தவர்களுடையவை. தேர்வானது 1,88,400, ஏறக்குறைய நான்கில் ஒன்று. ஒரு சீட்டு வைத்திருப்பவருக்கு வாய்ப்பு 25 சதவீதம். இரண்டு சீட்டு என்றால் 50 ஆகாது. இரண்டுமே விழாமல் போகும் வாய்ப்பு முக்காலில் முக்கால், அதாவது 56 சதவீதம், ஆகவே விழும் வாய்ப்பு 44. நான்கு சீட்டுக்கு 68. எட்டுக்கு 90. எண்பது டாலர் செலவில் குலுக்கல் கிட்டத்தட்டக் குலுக்கலே இல்லாமல் போய்விடுகிறது. கணினி ஒவ்வொரு சீட்டையும் அப்பழுக்கில்லாமல் சமமாக நடத்திய ஆண்டிலேயே இது நடந்தது. தெருச் சீட்டில் இரண்டு பெயர் போட்டால் இரண்டு தவணை கட்டித் தீர வேண்டும், இங்கே அந்தக் கட்டுப்பாடு 10 டாலரோடு முடிந்தது.

2024-ல் விதி மாறியது. எத்தனை நிறுவனம் பதிந்தாலும், பாஸ்போர்ட் எண்ணை வைத்து ஆளுக்கு ஒரு சீட்டு. பதிவுகள் 4,70,342 ஆகச் சரிந்தன. ஆட்கள் குறைந்தார்களா? முந்தைய ஆண்டு சுமார் 4,46,000 பேர், இந்த ஆண்டு சுமார் 4,42,000 பேர். ஏறக்குறைய அதே கூட்டம், கூடுதல் சீட்டுகள்தான் மறைந்தன. 2025-ல் பதிவுக் கட்டணம் 215 டாலர் ஆனதும் தகுதியான பதிவுகள் 3,43,981 ஆகக் குறைந்தன.

குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுப்பதைச் சொல்லும், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. குடத்தைக் குலுக்குவது எப்படி என்று அது சொல்லத்தான் செய்கிறது. அதோடு, யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்பதை எவ்வளவு நுணுக்கமாக வகுக்கிறது என்று பாருங்கள்: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது.

எச்-1பிக்கு 2025 டிசம்பரில் வந்த விதி, அரசே சீட்டைக் கூட்டிப் போடும் வகை. சம்பளத்தை வைத்து வகுத்த நான்கு நிலைகளில் உச்சமான நான்கில் இருப்பவருக்கு நான்கு முறை, அடியிலுள்ள ஒன்றில் இருப்பவருக்கு ஒரு முறை. தஞ்சாவூர்ப் பக்கம் பொறியியல் முடித்து முதல் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஒரே சீட்டுதான். இது மோசடி அல்ல, வெளிப்படையான கொள்கை. நியாயமா என்பது வேறு வழக்கு.

அப்புறம் ஏஜெண்டுகள். கிரீன் கார்டு லாட்டரியில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இடமே இல்லை, ஏனென்றால் ஐந்தாண்டில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாடுகள் விலக்கு. குடியுரிமை பார்ப்பதில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. அதனால் வேதாரண்யத்தில் பிறந்தவருக்குக் கிடைக்காத வாய்ப்பு, யாழ்ப்பாணத்தில் பிறந்தவரைக் கட்டிக்கொண்டால் துணைவர் வழியாகக் கிடைத்திருக்கும். மற்றபடி "நீங்கள் வென்றுவிட்டீர்கள், பணம் அனுப்புங்கள்" என்று வரும் மின்னஞ்சல் அப்பட்டமான பொய். அந்த லாட்டரி வென்றவருக்கு மின்னஞ்சலில் சொல்வதில்லை, பதிவு எண்ணை வைத்து அவரே பார்க்க வேண்டும். அந்த எண்ணை ஏஜெண்ட் தன்னிடமே வைத்துக்கொண்டு, விழுந்த பிறகு பேரம் பேசிய கதைகள் பல நாடுகளில் உண்டு.

இந்தியர்களுக்கு உண்மையிலேயே திறந்திருக்கும் குலுக்கல்கள் பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டம், ஆஸ்திரேலியாவின் வேலை-விடுமுறை விசா போன்றவை. முன்னதில் குலுக்கலில் சேரக் கட்டணம் இல்லை, பின்னதில் 25 ஆஸ்திரேலிய டாலர். இதில் "விழாவிட்டால் பணம் வாபஸ்" என்று ஒருவர் கூத்தாநல்லூரிலோ அதிராம்பட்டினத்திலோ பலகை வைத்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பேரிடம் ஆளுக்கு 30,000 ரூபாய் வாங்குகிறார். பத்தில் ஒருவருக்கு விழும் குலுக்கல் என்றால் அவர் ஒன்றும் செய்யாமலே 20 பேருக்கு விழும். 180 பேருக்கு நாணயமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மீதி 6 லட்சம் அவருடையது. "அவர்தான் வாங்கிக் கொடுத்தார்" என்று அந்த 20 பேரும் ஊரெல்லாம் மனதாரச் சொல்வார்கள், அடுத்த ஆண்டு 400 பேர் வரிசையில் நிற்பார்கள்.