"பம்பர் டு பம்பர் இருக்கு சார்!"

விபத்தான காரைப் பார்த்து இன்சூரன்ஸுக்குச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நான். இந்த வாரமும் ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கம் நசுங்கிக் கிடக்கிறது கார். பம்பருக்கு முன்னால், சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புக் கம்பித் தடுப்பு. ஏர்பேக் விரியவில்லை, ஓட்டிய தம்பிக்கு நெற்றியில் தையல். "கார் கம்பெனி மேல கேஸ் போடலாமா சார்?" என்கிறார். அந்தக் கம்பியால் ஏர்பேக் விரியாமல் போகலாம். அது கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, தம்பி.

பானெட்டைத் திறந்தால் அடுத்தது. 60/55 வாட் ஹெட்லைட் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100/90. ஒரிஜினல் வயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப் உருகிப் பக்கத்து வயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போனதாம், கடைக்காரர் 30 போட்டுக் கொடுத்தாராம். மோதாமலே தீப்பிடித்திருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதையெல்லாம் காட்டினால் வருகிற பதில்தான் தலைப்பில் இருக்கிறது. ஐயா, பம்பர் டு பம்பர் என்பது ஏஜென்ட் வாயில் வளர்ந்த பெயர். பாலிசியில் இருப்பது ஜீரோ டிப்ரிஸியேஷன். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்போம், ஃபைபருக்கு 30, இரும்புக்கு வண்டியின் வயதைப் பார்த்து. அந்தக் கழிவைக் கழிக்காமல் தருவார்கள், அவ்வளவுதான். காரில் என்ன செய்து வைத்திருந்தாலும் பணம் வரும் என்று அதற்கு அர்த்தமே இல்லை. பாலிசி எடுத்தது ஆர்.சி.யில் உள்ள காருக்கு. நீங்கள் கடையில் கொடுத்து மாற்றிய காரை இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்ததுமில்லை, அதற்குப் பிரீமியம் வாங்கியதுமில்லை. "ஷோரூம்லயே போட்டுக் கொடுத்தாங்க" என்பதும் செல்லாது. ஷோரூமுக்கு அது வியாபாரம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது.

அதற்காக, ஸ்டிக்கர் ஒட்டினால் கிளெய்ம் போச்சு என்று பயப்பட வேண்டாம். மாற்றத்துக்கும் சேதத்துக்கும் தொடர்பு உண்டா என்றுதான் நாங்கள் பார்ப்போம். நின்ற காரைப் பின்னால் லாரி இடித்தால் உங்கள் சைலன்சர் சத்தம் எனக்கு எதற்கு? ஆனால் சொல்லாமல் போட்ட சி.என்.ஜி., எல்.பி.ஜி. கேஸ் கிட்டால் தீ என்றால் கதையே வேறு. சில மீறல்களில் "நான்-ஸ்டாண்டர்டு" என்று 75 சதவீதம் வரை கொடுத்து முடிப்பதுண்டு, முழுசாகக் கை விரிப்பதும் உண்டு. எதிரே வந்தவருக்கு அடிபட்டிருந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கட்டச் சொல்லிவிட்டு, பிறகு உங்களிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லவும் இடம் உண்டு.

கேஸ் கிட் போட்டால் ஆர்.டி.ஓ.வில் எண்டோர்ஸ் செய்யுங்கள், அதாவது ஆர்.சி.யில் பதியவையுங்கள், கையோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்மொழியாக ஏஜென்டிடம் சொன்னது கணக்கில் வராது. பழைய டாரிஃப் (கட்டண அட்டவணை) கணக்கில் கிட் மதிப்பில் 4 சதவீதம்தான் கூடுதல் பிரீமியம். 40,000 ரூபாய் கிட்டுக்கு 1,600. அலாய் வீல், மியூசிக் சிஸ்டம் போட்டால் பில்லை வைத்து அவற்றின் மதிப்பையும் பாலிசியில் ஏற்றுங்கள். சைடு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு இறுக்கமான கவர் வேண்டவே வேண்டாம். வயரை அறுக்காமல் போட முடியாத விளக்கா? போடாதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து, சர்வேயர் வருவதற்குள் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பியைக் கழற்றி ஒளித்து வைக்காதீர்கள். போல்ட் ஓட்டை, சுற்றிலும் வெயில் படாத பெயின்ட் எல்லாம் அப்படியே தெரியும். போதாததற்கு, போன மாதம் காரோடு எடுத்த போட்டோவை நீங்களே வாட்ஸ்அப் டிபியில் வைத்திருப்பீர்கள். கழற்றாமல் இருந்தால் பேசித் தீர்க்க வழி இருக்கும். கழற்றியது தெரிந்தால் ரிப்போர்ட்டில் அதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.