சிறார்வழி நலப்பணி

பள்ளியில் கற்ற உடல்நலச் செய்தியைப் பிள்ளைகளே தம்பி தங்கைக்கும் வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுசேர்க்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘சைல்ட்-டு-சைல்ட்’ என்று பெயர். 1979ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாக அறிவித்ததையொட்டி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் குழந்தைநல நிறுவனமும் கல்வியியல் நிறுவனமும் சேர்ந்து இதைத் தொடங்கின. முன்னின்றவர், நைஜீரியச் சிற்றூரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் டேவிட் மோர்லி. தாய் வேலைக்குப் போன வீட்டில் கைக்குழந்தையை இடுப்பில் சுமப்பவள் ஒன்பது பத்து வயது அக்காள்தான் என்பதே இம்முறையின் அடிப்படை. பெயரில் உள்ள ‘டு’ அந்த அக்காளிடமிருந்து அக்குழந்தைக்குச் செல்லும் அறிவைக் குறித்தது. குடும்பமும் ஊரும் பின்னர் இதன் எல்லைக்குள் வந்தன.

இம்முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? ‘குழந்தைக்குக் குழந்தை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் மாறிவிடுகிறது. ‘ஆளுக்கு ஆள்’, ‘ஊருக்கு ஊர்’ என்பவற்றைப் போல அத்தொடர் வேறுபாட்டையே உணர்த்தும்; ‘குழந்தைக்குக் குழந்தை பசி வேறுபடும்’ என்பதுதான் நம் வழக்கு. மேலும், ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்கிறது தொல்காப்பியம்; அந்தக் ‘குழ’விலிருந்து கிளைத்த குழந்தை என்னும் சொல் இன்றைய பேச்சில் பெரும்பாலும் இடுப்பில் இருப்பவளையே குறிக்கிறது, சுமப்பவளை அன்று.

இந்தோனேசியாவில் இத்தகைய மாணவரை ‘டொக்டர் கெச்சில்’, அதாவது சின்ன மருத்துவர் என்பர். மலேசியாவில் ‘டோக்டர் மூடா’, இளம் மருத்துவர். கேட்க இனிமைதான். ஆனால் வெள்ளை அங்கி மாட்டிப் படமெடுக்க உதவும் அளவுக்கு அப்பெயர்கள் வேலையை விளக்குவதில்லை, ஏனெனில் இப்பிள்ளைகளின் முதன்மைப் பணி மருத்துவம் பார்ப்பதன்று. இந்தியாவில் 2020 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் நலத்திட்டத்தின்கீழ் தொடங்கிய பள்ளித் திட்டம் ஆசிரியர்களை ‘அம்பாசடர்’ என்றும் மாணவர்களை ‘மெசஞ்சர்’ என்றும் அழைக்கிறது. தமிழில் இரண்டுமே தூதர்தான். ஆயினும் வேறுபாடு நமக்குப் புதிதன்று. திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் எனத் தூதரை இருவகைப்படுத்துகிறார். முழக்க அட்டை ஏந்தி ஊர்வலம் போகும் பிள்ளை இரண்டாம் வகை.

முதல் வகைக்கு மெக்சிகோவின் அஹோயா என்னும் மலையூரில், ஊர்மக்களையே நலப்பணியாளராகப் பயிற்றிய டேவிட் வெர்னர் குழுவினர் பயன்படுத்திய சுரைக்குடுக்கைப் பொம்மையைச் சொல்லலாம். காய்ந்த குடுக்கையில் முகம் வரைந்து, கண்களில் ஊசித்துளையும் கீழே அடைப்புள்ள துளைகளும் இட்டு, தண்ணீர் நிரப்பித் திறந்த உச்சியை ஈரத்துணியால் மூடுவர். பின்பக்க அடைப்பைப் பிடுங்கினால் வயிற்றுப்போக்கு. நீர் குறையக் குறைய உச்சித்துணி குழிவிழுகிறது, கண்ணீர் நிற்கிறது, சிறுநீரும் நிற்கிறது. நீரிழப்பின் அறிகுறிகளை யாரும் ஒப்பிக்க வைக்கவில்லை; வெளியேறிய அளவுக்கு உள்ளே ஊற்ற வேண்டும் என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதைக் கண்டவள் வீட்டில் தம்பியின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்க்கும்போது, அவள் தான் வகுத்துக் கூறுபவள்.

எனவே பெயரில் ‘வழி’ வேண்டும் என்பது என் கருத்து; அது நெறியையும் உணர்த்தும், மூலமாக என்பதையும் உணர்த்தும். ‘பிள்ளைவழி’ என்றால் தாய்வழி, மகள்வழி என்பவைபோல வாரிசுரிமைப் பேச்சாகிவிடும். ‘மாணவர்வழி’ என்றால் பள்ளிக்கு வராத அக்காள் விடுபட்டுப்போவாள். ‘சுகாதாரம்’ இலங்கையில் முழு உடல்நலத்தையும் குறித்தாலும், தமிழ்நாட்டில் அச்சொல்லைக் கேட்டவுடன் சாக்கடையும் கழிப்பறையுமே நினைவுக்கு வருகின்றன, ‘நலம்’ விரிந்தது. ஆகவே முறைக்குச் ‘சிறார்வழி நலப்பணி’ என்றும், அதைச் செய்யும் பிள்ளைக்கு ‘நலத்தூதர்’ என்றும் வழங்கலாம்: “எங்கள் பள்ளியில் சிறார்வழி நலப்பணி நடக்கிறது, ஏழாம் வகுப்பின் நலத்தூதர் என் மகள்.”