மேய்ச்சல் முட்டை: 'ஃப்ரீ ரேஞ்ச்' என்பதற்கு நம் சொல்

சில முட்டைப் பெட்டிகளில் 'ஃப்ரீ ரேஞ்ச்' என்று அச்சிட்டிருக்கும். வெளியே திரிந்து மேய்ந்த கோழியின் முட்டை என்று பொருள். இதைச் 'சுதந்திர முட்டை' என்று பெயர்த்தால் பொருள் வராது. வரிசையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த 'ரேஞ்ச்', ஆங்கிலத்தில் கால்நடை திரிந்து மேயும் வெளிக்குப் பெயரானது. அப்புறம் கோழிக்கும் வந்தது. நமக்கு இத்தனை சுற்று தேவையில்லை. மாட்டைப் போலவே கோழியும் தமிழில் 'மேய்கிறது'. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் மேயப் போகும், பொழுது சாய்ந்தால் அடையும். ஆகவே மேய்ச்சல் கோழி, மேய்ச்சல் முட்டை. கோழி வளர்ப்பில் கூண்டு முறை, ஆழ்கூள முறை (கொட்டகைத் தரையில் உமி, மரத்தூள் பரப்பி வளர்ப்பது), மேய்ச்சல் முறை என்ற பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

பலரும் இதை நாட்டுக்கோழி முட்டையோடு குழப்பிக்கொள்கிறார்கள். 'நாட்டுக்கோழி' இனத்தைச் சொல்கிறது, 'மேய்ச்சல்' வளர்ப்பு முறையைச் சொல்கிறது. நாட்டுக்கோழியைக் கூண்டில் அடைக்கலாம், வெள்ளை லெகார்ன் என்ற பண்ணைக் கோழியினத்தை மேய விடலாம். ஓடு பழுப்பாக இருப்பதும் இனத்தால்தான். 'கேஜ் ஃப்ரீ' என்றால் கூண்டு இல்லை, அவ்வளவுதான். அந்தக் கோழி கொட்டகையை விட்டு வெளியே வராமலே இருந்திருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. முட்டையின் மேலேயே எண் இருக்கும்: 0 இயற்கை வேளாண்மை, 1 மேய்ச்சல், 2 கொட்டகை, 3 கூண்டு. 1 போட வேண்டுமானால் ஒரு கோழிக்கு வெளியில் 4 சதுர மீட்டர் நிலம் வேண்டும். வழக்கமான கம்பிக் கூண்டில் அதற்குக் கிடைப்பது ஏ4 தாளைவிடச் சிறிய இடம். அந்தக் கூண்டை அங்கே 2012 முதல் தடை செய்துவிட்டார்கள். இப்போது 3 என்பது இடமும் வசதியும் சற்றுக் கூட்டிய கூண்டைக் குறிக்கிறது.

சத்துக்கு வருவோம். புரதத்தில் பெரிய வித்தியாசமில்லை. வெயிலில் திரியும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி கூடுதல். புல்வெளியில் மேய்ந்த கோழிகளின் முட்டையில் வைட்டமின் ஈ இரு மடங்கும், ஒமேகா-3 கொழுப்பு அதற்கும் மேலாகவும் இருந்ததை பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2010-ல் காட்டியது. மஞ்சள் கருவின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு சேர்த்தாலே அது அடர் மஞ்சளாகிவிடும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை, சத்தைவிடக் கோழியின் வாழ்வே பெரிய காரணம். கோழி மண்ணைக் கிளறும், புழுதியில் புரண்டு குளிக்கும், முட்டையிட மறைவிடம் தேடும். கம்பிக் கூண்டில் இதில் ஒன்றுகூட நடக்காது. மேய விட்டால் கீரிக்கும் பருந்துக்கும் சில கோழிகள் போகும், முட்டை விலையும் கூடும். அந்தக் கூடுதல் காசை நான் மனமாரக் கொடுக்கிறேன். கடையில் "நாட்டு முட்டையா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "மேய்ந்த கோழியா?" என்றுதான் இப்போது கேட்கிறேன்.